மீதி 212 பைட்

ஆகஸ்ட் 18, திங்கள்

மழை. ரெயின்கோட் மூன்று நாளாகக் காயவில்லை. அலமாரி முழுக்க அதன் வாடை.

பத்து மணிக்கு மீட்டிங். மேனேஜர் தேஷ்பாண்டே, சேல்ஸ் ஆட்கள் இரண்டு பேர், நான். கணபதி பண்டிகை வருகிறதாம். பத்து நாளும் லிஃப்ட் கதவு திறக்கும்போது ஆரத்தி மெட்டில் ஒரு மணியோசை வேண்டுமாம். போட்டிக் கம்பெனிக்காரன் போன வருடமே கொடுத்துவிட்டானாம். "சோட்டா ஸா டியூன் ஹை, மாலதி." இவர்கள் கேட்பதெல்லாமே சின்னதுதான்.

எங்கள் லிஃப்ட் கன்ட்ரோலர் போர்டில் மொத்த மெமரி இருபது கேபி. மகள் மீனு என் போனில் எடுத்துத் தள்ளுகிற மங்கல் போட்டோ ஒன்றில் நூறில் ஒரு பங்குகூட வராது. அதற்குள் குடியிருப்பவர்கள்:

– கதவு
– மோட்டார்
– மாடி பட்டன்கள்
– டிஸ்ப்ளே (மாடி எண், கீழே ஓடும் மெசேஜ்)
– பேச்சு (மாடி எண்ணை மூன்று மொழியில் சொல்லும், ஜனவரியில் குடிவந்தது)
– இவர்களை முறை வைத்து ஓட்டுகிற குட்டி ஓ.எஸ்.

மீதி 212 பைட். மணியோசைக்கு 180 வேண்டும். "இருக்கிறதே," என்றார் தேஷ்பாண்டே. இருக்கிறதுதான்.

வாங்க வேண்டியது: பால், கொத்தமல்லி, மீனுவுக்கு காம்பஸ் (பழையது எங்கே என்று கேட்கக் கூடாதாம்), புளி. இங்கே கிடைக்கிற புளி புளிப்பதே இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

மணியோசை போட்டாயிற்று. மீதி 32. கேட்டுப் பார்த்தால் ஆரத்தி மாதிரி இல்லை, ஐஸ் வண்டி மாதிரி இருக்கிறது. சேல்ஸுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

சாயங்காலம் மீனு: "அம்மா, நீ ஆபீஸ்ல எக்ஸாக்ட்லி என்ன பண்றே? டீச்சர் பூச்சா, கேட்டாங்க. எஸ்ஸே எழுதணும்."

சொன்னேன். லிஃப்டுக்குள்ளே ஒரு குட்டி கம்ப்யூட்டர். அதில் கதவு, மோட்டார், டிஸ்ப்ளே என்று ஆளாளுக்கு ஒரு வேலை. கணக்குப் போட்டுப் பார்க்க ஒவ்வொருவருக்கும் ஒரு சிலேட்டு. சிலேட்டுகளை நெருக்கி ஒட்டி வைத்திருக்கிறோம், நடுவில் சட்டம் கிடையாது. எந்த சிலேட்டு எவ்வளவு பெரிது என்று முடிவு பண்ணுவதுதான் அம்மாவின் வேலை.

"ஒருத்தன் ஜாஸ்தி எழுதினா?"

"பக்கத்து சிலேட்டுல போய் எழுதிடுவான்."

"அவன் கம்ப்ளெயின்ட் பண்ணமாட்டானா?"

"மாட்டான். அழிஞ்சதே அவனுக்குத் தெரியாது."

"பேட் டிசைன்," என்று சொல்லிவிட்டு எழுதப் போய்விட்டாள். எட்டிப் பார்த்தேன். எஸ்ஸேயில் "மை மதர் மேக்ஸ் ஸ்லேட்ஸ்" என்று இருக்கிறது. திருத்தவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

இன்வெர்டர் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். வீட்டுக்காரர் செந்தில் இன்றும் சாகண் போயிருக்கிறார், பிளான்டில் ஏதோ ஆடிட். கோயம்புத்தூருக்குப் போன். அம்மாவுக்கு முட்டி வலி, எனக்கும் என்று சொல்லவில்லை.

துணி காயவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

சதுர்த்தி. லீவு. நான் கொழுக்கட்டை, பக்கத்து ஃப்ளாட்டிலிருந்து மோதக். மீனு இரண்டையும் வைத்துக்கொண்டு மார்க் போட்டாள். நான் தோற்றேன்.

கீழே பந்தலில் மைக் டெஸ்டிங் காலை ஆறரைக்கே. ஹலோ ஹலோ ஏக் தோ தீன். மூன்றுக்கு மேல் யாரும் எண்ணிக் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

கராடியில் ஒரு அபார்ட்மென்ட் சொசைட்டி. எங்கள் போர்டு போட்ட லிஃப்ட். நேற்று காலை ஒன்பது மணி சுமாருக்கு நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பள்ளிக்கூட டீச்சர், கையில் பூஜைத் தட்டோடு. இருபத்தைந்து நிமிடம். அடி ஒன்றும் இல்லை. வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்து அழுதாராம். செகரெட்டரி கொதித்துப் போய் நேராக எங்கள் எம்.டி.க்கே போன்.

போர்டில் தெரிந்தது E-07. கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஓடும்போது கதவு திறந்ததாகத் தெரிந்தால் லிஃப்ட் அங்கேயே நின்றுவிடும், நிற்கத்தான் வேண்டும். ஆனால் கதவு மூடித்தான் இருந்தது. அப்படியென்றால் கதவு காண்டாக்ட் வயர் லூஸ். சர்வீஸ் டீமில் எல்லாருக்கும் மனப்பாடம்: E-07, வயர்.

முந்தின நாள்தான் அந்தக் கதவுக்கு சர்வீஸ் நடந்திருக்கிறது. செய்தவர் முருகேசன், கான்ட்ராக்ட் டெக்னீஷியன்.

ரீஸ்டார்ட் செய்ததும் லிஃப்ட் சாதுவாக ஓடுகிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மீட்டிங். சர்வீஸ் ஹெட் சொன்னது: மறு உத்தரவு வரை முருகேசனுக்கு டியூட்டி இல்லை. வியாழக்கிழமைக்குள் காரணம் எழுதி சொசைட்டிக்கு ரிப்போர்ட் போக வேண்டும். வேலையில் கவனக்குறைவு என்று அதில் வந்தால் கான்ட்ராக்ட் கட். மார்ச்சில் சுரேஷுக்கு நடந்த மாதிரி. சுரேஷும் கான்ட்ராக்ட் டெக்னீஷியன், எனக்கு முகம் ஞாபகம் இல்லை. அதுவும் E-07தான் என்றார்கள்.

தேஷ்பாண்டே என்னைப் பார்த்து: "சாஃப்ட்வேரில் ஒன்றும் இல்லையே?"

"தெரியாது," என்றேன். அவருக்கு அந்த பதில் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

மூன்று மணிக்கு ரிசப்ஷனில் முருகேசன். நாற்பத்தெட்டு வயது இருக்கும். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், அப்பா காலத்திலேயே இங்கே ஆகுர்டிக்கு வந்து தங்கியாயிற்று. ஆபீஸிலேயே என்னோடு தமிழ் பேசுகிற ஒரே ஆள். எழுந்து நின்றுகொண்டேதான் பேசினார், உட்காரச் சொல்லியும்.

"காண்டாக்ட் ஏக்தம் டீக், பக்காவா இருந்துச்சு மேடம். ஸ்க்ரூவ டைட் பண்ணிட்டு, கையால இழுத்தும் பார்த்துட்டுதான் வந்தேன். இருபத்திரெண்டு வருஷம் ஆவுது இந்த லைன்ல, ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல. உங்க போர்டுல ஏதாச்சும் ரெக்கார்ட் இருக்கும்ல, எந்த நேரத்துக்கு என்னா ஆச்சுன்னு? அத்த எடுத்துக் காட்டுங்க, போதும்."

இல்லை என்றேன்.

"முன்ன இருந்துச்சே மேடம்."

இருந்தது.

ஆகஸ்ட் 30, சனி

பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். ஜனவரி 9. என் கையெழுத்துதான், அவசரத்தில் சாய்ந்திருக்கிறது:

"பேச்சு உள்ளே வந்துவிட்டது. அதற்காக வெளியே போனவை: பிழைப் பதிவு முழுசாக, 1 கேபி. டிஸ்ப்ளே சிலேட்டு 1024லிருந்து 512. அளந்து பார்த்தேன், அப்படியும் 142 மீதி, போதும். பதிவு போனதை யாரும் கேட்கப் போவதில்லை. ராத்திரிக்கு உப்புமா."

யாரும் கேட்கப் போவதில்லை என்று எவ்வளவு திடமாக எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. முருகேசனை நம்புகிறேனா என்று கேட்டுக்கொண்டேன். நம்பவில்லை, நம்பாமலும் இல்லை. ஸ்க்ரூ லூஸாகவும் இருந்திருக்கலாம். விஷயம் அது இல்லை. அவர் வேலை போகிறதா இல்லையா என்பதைச் சொல்ல ஒரு வரி எங்காவது எழுதியிருக்க வேண்டும். அந்த வரியை எடுத்தது நான்.

பழைய மாதிரி பெரிய பதிவு இப்போது முடியாது. சின்னதாக: எட்டு வரி, வரிக்குப் பதினாறு பைட். மணி, யார், என்ன பிழை, யாருடைய சிலேட்டில் மிச்சம் குறைச்சல், எவ்வளவு. 128 பைட். இருப்பது 32.

மணியோசையை எடுக்கலாமா என்று தேஷ்பாண்டேக்குப் போன். "விசர்ஜனம் வரை தொடாதே." டெஸ்ட் லிஃப்டில் நான் வசதிக்காக வைத்திருக்கிற ரகசிய மெனு ஒன்று உண்டு, ஓடுகிற லிஃப்டை மேஜையிலிருந்தே எட்டிப் பார்க்க. ஆறு வருடமாக எல்லா ரிலீஸிலும் ஒளிந்து வருகிறது. அது 140. எடுத்துவிட்டேன். இனி நானும் மற்றவர்கள் மாதிரி ஏணி ஏற வேண்டியதுதான்.

32 + 140 – 128. மீதி 44.

செந்தில்: "சனிக்கிழமையும் இதேதானா?" இதேதான். மதியம் தக்காளி சாதம், அவர் செய்தது, உப்பு ஜாஸ்தி.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கராடி சொசைட்டி. பதிவோடு புது சாஃப்ட்வேரை ஏற்றினேன். மொட்டை மாடியில் மெஷின் ரூம், கரப்பான் பூச்சி நாலு. முருகேசன் கீழே கேட் பக்கம் நின்றிருந்தார். நான் வரச் சொல்லவில்லை. உள்ளே வந்தால் தொட்டார் என்பார்கள் என்று வெளியிலேயே நின்றாராம். குடை இருந்தும் விரிக்கவில்லை.

ஏற்றிவிட்டு இறங்கி வந்ததும் கேட்டார்: "இனிமே நின்னா தெரிஞ்சிடுமா?"

"எதனாலன்னு தெரியும்."

குடையைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு: "இப்ப எனக்கே டவுட் வருது மேடம். எல்லாரும் சொல்றாங்களா, அந்த நாலாவது ஸ்க்ரூவ டைட் பண்ணனா இல்லியான்னு. கண்ண மூடினா ஸ்க்ரூதான் வருது."

டீ குடிக்கலாமா என்றேன். கட்டிங் சாய், அரை அரை கிளாஸாக இரண்டு. காசு நான்தான் கொடுப்பேன் என்று அவர் அடம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலை 9:12க்கு கராடி லிஃப்ட் மறுபடி நின்றது. உள்ளே யாரும் இல்லை, நல்ல வேளை. E-07. சதுர்த்திக்குப் பிறகு அந்தக் கதவை எவரும் தொடவில்லை.

பதினொன்றுக்கு அங்கே. லேப்டாப்பைச் செருகினேன். எட்டு வரிக்கு இடம், ஒன்று மட்டும் நிரம்பியிருந்தது.

09:12. கதவு. E-07. டிஸ்ப்ளே, மீதி 0.

மூன்று தடவை படித்தேன். டிஸ்ப்ளேயின் சிலேட்டு நிரம்பி வழிந்திருக்கிறது. ஒட்டினாற்போல் இருப்பது கதவின் சிலேட்டு. "கதவு மூடியிருக்கிறது" என்று அதில் இருந்த குறிப்பை அழித்து மேலேயே எழுதிவிட்டது. கதவு திறந்ததாக நினைத்து லிஃப்ட் நின்றது. ரீஸ்டார்ட் ஆனதும் எல்லாம் துடைத்த மாதிரி சுத்தம். வயர் இல்லை. ஸ்க்ரூ இல்லை.

ஆனால் 142 மீதி இருந்ததே, நானே அளந்தேனே என்று லிஃப்டுக்குள் போய் நின்றேன். டிஸ்ப்ளேயில் மெசேஜ் ஓடிக்கொண்டிருந்தது. வருடம் முழுக்க இங்கிலீஷில் "லிஃப்டைச் சுத்தமாக வைக்கவும்" என்று ஓடுகிற இடத்தில் மராத்தியில் ஆரத்தி நேரம், பிரசாதம் யார் வீட்டில், கணபதி பாப்பா மோரியா. கணபதி வந்தால் எல்லா சொசைட்டியிலும் செகரெட்டரிமார் செய்கிற முதல் காரியம் இது.

நான் ஜனவரியில் அளந்தது இங்கிலீஷ் மெசேஜை வைத்து. ஐம்பது எழுத்து, ஐம்பது பைட். மராத்தியில் ஒரு எழுத்துக்கு மூன்று பைட். ஐம்பது எழுத்து நூற்றைம்பது. கூடுதல் நூறு. என் புரோகிராம் மெசேஜை இரண்டு பிரதி எடுக்கும். ஆக இருநூறு. இருந்தது 142. அது பேச்சும் மெசேஜும் ஒரே நொடியில் வரும்போது மிஞ்சுவது. அப்படிச் சேர்ந்து வந்தால் வழியும், தனித்தனியாக வந்தால் மயிரிழையில் தப்பும். அதனால்தான் எப்போதோ ஒரு தடவை.

தமிழுக்கும் மூன்றுதான். எஸ்.எம்.எஸ்ஸில் கணக்கு வேறு, கதை ஒன்றுதான்: அம்மாவுக்குத் தமிழில் அனுப்பினால் எழுபது எழுத்தோடு முறிந்துவிடும், இங்கிலீஷில் நூற்றறுபது போகும். ஏன் என்று அம்மாவுக்கு நானே விளக்கியிருக்கிறேன், இரண்டு தடவை. தினமும் இந்த எழுத்தில்தான் எழுதுகிறேன். ஆபீஸில் உட்கார்ந்து அளக்கும்போது மட்டும் உலகமே இங்கிலீஷில் ஓடும் என்று எண்ணம்.

மெசேஜை எடுத்துவிடச் சொன்னேன். செகரெட்டரி: "விசர்ஜனம் வரைக்கும் இருக்கட்டுமே, எல்லாருக்கும் பிடித்திருக்கிறது." நானே எடுத்தேன். மற்ற இடங்களிலும் எடுக்கச் சொல்லி சர்வீஸ் டீமுக்கு மெயில், அங்கேயே படியில் உட்கார்ந்து. பயம்தான். அந்த டீச்சர் உட்கார்ந்து அழுதது இதே படியாக இருக்கும்.

செப்டம்பர் 3, புதன்

மழை விட்டிருக்கிறது. துணி எல்லாம் வெளியே.

தேஷ்பாண்டேயிடம் காட்டினேன். கெட்ட மனிதர் இல்லை. நன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து இங்கிலீஷில் சொன்னது: சரிசெய்து புது ரிலீஸ் கொடு, குறிப்பில் "டிஸ்ப்ளே மேம்பாடு" என்று போடு. சாஃப்ட்வேர் பிழை என்று எழுத்தில் போனால் எல்லா சொசைட்டியும் போர்டைத் திருப்பி அனுப்பும். வயர் என்று ரிப்போர்ட் டிராஃப்ட் ஏற்கெனவே இருக்கிறது. "அவன் கான்ட்ராக்ட் ஆள்தானே. வேறு கம்பெனியில் சேர்ந்துகொள்வான்."

"சார், நாற்பத்தெட்டு வயசு."

"யோசி," என்றார்.

யோசித்தேன். இந்தப் பதிவைப் படிக்கத் தெரிந்த ஆள் கம்பெனியில் நான் ஒருத்திதான். அடுத்த ரிலீஸ் ஏறினால் அந்த எட்டு வரியும் காலியாகிவிடும். ரொம்ப வசதி.

சாப்பிடும்போது செந்திலிடம் சொன்னேன். மோர் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "அது உன்ற தப்பா, ஆபீஸ் தப்பா?"

"என்ற தப்பு."

"அப்ப எழுதிரு. வேலைய உட்டு எடுத்தாங்கன்னா பார்த்துக்கலாம்." பிறகு ஊறுகாய் எங்கே என்றார்.

செப்டம்பர் 4, வியாழன்

ரிப்போர்ட் எழுதியாயிற்று. ஒரு பக்கம். பதிவின் படம். நடுவில்: "டிஸ்ப்ளே வேலைக்கான இடத்தை ஜனவரியில் குறைத்தது நான். மராத்தி மெசேஜில் சோதிக்கவில்லை. கதவு வயரிலோ சர்வீஸிலோ குறை இல்லை." தேஷ்பாண்டே, சர்வீஸ் ஹெட் இருவருக்கும் 11:20க்கு அனுப்பினேன்.

மணியோசையை எடுத்துவிட்டேன். 44 + 180. அப்படியே டிஸ்ப்ளேக்கு: 512லிருந்து 736. மீதி 0. பதிவு இருக்கிறது. சேல்ஸ் ஆள் வந்து, "ஆரத்தி எங்கே?" என்றார். போய்விட்டது என்றேன். இரண்டு நாள்தானே பாக்கி என்று புலம்பிக்கொண்டே போனார்.

தேஷ்பாண்டேயிடமிருந்து மூன்று மணிக்கு ஒரு வரி பதில், ரிப்போர்ட் அப்படியே சொசைட்டிக்குப் போகிறது என்று. என்னைப் பற்றி திங்கட்கிழமை பேசலாமாம். பேசட்டும்.

செப்டம்பர் 5, வெள்ளி

வெயில். ரெயின்கோட் காய்ந்துவிட்டது.

பத்தரைக்கு முருகேசன் போன். இன்றிலிருந்து டியூட்டி. நன்றி நன்றி என்று நாலு தடவை. நன்றி சொல்லாதீங்க, தப்பு என்னோடது என்றேன். மெசேஜ், மராத்தி, சிலேட்டு என்று மீனுவுக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். உம் கொட்டிக்கொண்டு கேட்டார். நடுவில் என்னை நிறுத்தினார்.

"மேடம், அப்ப சுரேஷோடது?"

"எது?"

"மார்ச்சுல. அதுவும் E-07. குடிபாட்வா அன்னிக்கு, இவங்க வருஷப் பிறப்பு, அப்ப நின்னுச்சு. அந்த பில்டிங்லயும் மராத்தில வாழ்த்து ஓடிட்டிருந்துச்சு, நான் பார்த்தேன். அதுவும் இதானா?"

ஜனவரிக்குப் பிறகு. டிஸ்ப்ளே சிலேட்டு 512. பதிவு இல்லை.

"தெரியாது," என்றேன். பிறகு, "இதுவாத்தான் இருக்கும்," என்றேன்.

சுரேஷ் இப்போது ஒரு குடோனில் மூட்டை எண்ணுகிறானாம். வேறு லிஃப்ட் கம்பெனியில் முருகேசனே கேட்டுப் பார்த்திருக்கிறார், வர மாட்டேன் என்றுவிட்டானாம்.

"அவன் நம்பிட்டான் மேடம். எல்லாரும் சொல்லிச் சொல்லி, ஸ்க்ரூவ அவன்தான் லூஸா வுட்டுட்டான்னு அவனே நம்பிட்டான். என்கிட்டயே சொல்லி அழுதான், என் கைதான் சரியில்ல அண்ணேன்னு."

நம்பர் கேட்டேன். கொடுத்தார். இந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே குறித்து வைத்திருக்கிறேன்.

மணி பன்னிரண்டே கால். இன்னும் கூப்பிடவில்லை.